கோல் கீப்பர் மட்டையும் இரண்டு விரற்கடையும்

டேவிட் சார் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் வேலை மேசை மேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஏதோ ஒரு மரச்சாமான், மூன்று துண்டாக. ஒரு துண்டு கம்பு மாதிரி நீளமாக இருந்தது. இன்னொன்று அகலப் பலகை, சிம்பு சிம்பாகப் பிளந்து கிடந்தது. மூன்றாவது, மனிதப் பாதம் மாதிரி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, கறுப்புத் துணி டேப் சுற்றியிருந்தது.

"ஏழுமலை, இது இன்னான்னு சொல்லு பார்க்கலாம்."

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படகுத் துடுப்பு என்றேன். இல்லை என்றார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, காயப்போட்ட நெல்லைத் துழாவும் பலகை என்றார். அதுவும் இல்லையாம்.

"ஐஸ் ஹாக்கி கோல் கீப்பர் மட்டைய்யா. நம்ம கனடாக்காரர் பொண்ணோடது. லாரி ரிவர்ஸ் எடுக்கச்சொல்லோ மேல ஏறிடுச்சு. நீ இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்கணும்."

ஐஸ் என்றால் எனக்குத் தெரிந்தது சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் பெட்டியில் வைத்து விற்கும் குச்சி ஐஸ்தான்.

"ஐஸ் மேலயா ஆடுவாங்க? வழுக்காதா சார்?"

"வழுக்கணும்யா. அதான் ஆட்டமே."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர், "நீங்கள் எதையாவது முதல் தடவையிலேயே புரிந்துகொண்டது உண்டா?" என்று கேட்டு எழுதியிருந்தார். உண்டு ஐயா, ஆனால் அதையெல்லாம் எழுதினால் சுவாரசியம் இருக்காது.

யார் இந்தக் கனடாக்காரர்

தொண்ணூற்று ஒன்றாம் வருஷம். அந்த வருஷம் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் உலகத்துப் பேப்பரில் எல்லாம் வந்தது. அதை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது அதே வருஷத்தில், அதே ரோட்டில், எந்தப் பேப்பரிலும் வராத ஒரு விஷயம்.

அப்போது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருந்த கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் ஏரி, வயல், கருவேலம். நான் வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தேன். பேக்கிங் செக்‌ஷனில் தச்சு வேலை. இயந்திரங்களுக்கு மரப்பெட்டி அடிப்பது, வந்த பெட்டிகளைப் பிரிப்பது. டேவிட் சார் எங்கள் சூப்பர்வைசர். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார். பேசுவதை அவரே ரசிப்பார்.

கனடாவிலிருந்து புது இயந்திரங்கள் வந்தன. அவற்றைப் பொருத்தி ஓடவைத்துக் கொடுக்க ராபர்ட் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். நாலு மாத வேலை. மனைவி இல்லாதவர், மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகள் பெயர் எமி. பதினோரு வயது. என் மகள் தேவிக்கும் அதே வயது.

எமி அவள் ஊரில் கோல் கீப்பர். முந்தின வருஷம் ஊர் அணியில் அவளைச் சேர்க்கவில்லை. இந்த வருஷம் அவள் ஊர் திரும்பும் வாரமே மறுபடி தேர்வு. நாலு மாதம் ஐஸைப் பார்க்காமல் இருந்தால் எல்லாம் மறந்துவிடும் என்று அங்கே எல்லாரும் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அதனால் தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் பேக்கிங் ஷெட்டில் அப்பாவும் மகளும் பயிற்சி செய்தார்கள். ஐஸுக்குப் பதில் சிமெண்ட் தரை. கத்தி வைத்த ஷூவுக்குப் பதில் சக்கரம் வைத்த ஷூ. சுவரோரம் இரண்டு மரப்பெட்டியை நிறுத்தினால் அதுதான் கோல். ராபர்ட் ஒரு வளைந்த மட்டையால் டென்னிஸ் பந்தை அடிப்பார், எமி தடுப்பாள்.

தடுப்பாள் என்றால் சாதாரணமாக இல்லை. பாதி உட்கார்ந்த மாதிரி குனிந்து நிற்பாள். பந்து எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பாதம் மாதிரியான கட்டை அங்கே போய்விடும். ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நாங்கள் நின்று பார்ப்போம்.

கிளம்ப இன்னும் ஆறு வாரம் இருக்கும்போது மட்டை மேல் லாரி ஏறிவிட்டது. கனடாவிலிருந்து வரவழைத்தால், அது இங்கே வரும் நேரத்தில் அவர்கள் அங்கே இருப்பார்கள். சென்னையில் எந்தக் கடையிலும் அப்படி ஒரு சாமானைக் கேள்விப்பட்டதே இல்லை. கடைசியில் என் மேசைக்கு வந்தது.

காம்பு, பலகை, பாதம்

மட்டையின் உறுப்புகளுக்கு இங்கிலீஷில் பெயர் உண்டு. டேவிட் சார் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. நாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டோம். மேலே ஒல்லியாக இருப்பது காம்பு. நடுவில் அகலமாக இருப்பது பலகை. கீழே தரையில் உட்காருவது பாதம்.

ராபர்ட் கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து கொண்டுவந்தார். பலகை இருபது அங்குலம் என்று எழுதி அதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். பிறகு, என் எதிரில் முட்டியை மடக்கிக் குனிந்து நின்று, இல்லாத மட்டையைப் பிடித்துக் காட்டினார்.

டேவிட் சார் மொழிபெயர்த்தார். "ஆளோட உயரத்தை மட்டும் பார்த்து மட்டை வாங்கிடுறாங்களாம், அது தப்பாம். பலகையோட நீளந்தான் முக்கியம். இந்த மாதிரி குனிஞ்சு நிக்கச்சொல்லோ, பலகை முடியுற எடத்துல கை இருக்கணும், அதே சமயம் பாதம் முழுசா தரையில படிஞ்சிருக்கணும். பலகை நீளம்னாலும் படியாது, கம்மின்னாலும் படியாது. சின்னப் பசங்களுக்கு இது ரொம்ப முக்கியங்கிறாரு."

நான் தலையாட்டினேன். எல்லாம் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. ஒரு பெரிய மனிதர், எங்கள் எம்.டி.யே எழுந்து நின்று கைகொடுக்கிற மனிதர், என் எதிரில் கழிப்பறையில் உட்காருகிற மாதிரி நிற்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது.

மரத்துக்குக் கவலையில்லை. அவர்கள் இயந்திரம் வந்த பெட்டியே அவர்கள் ஊர்ப் பைன் மரம். லேசானது, கணு இல்லாமல் இரண்டு பலகை பொறுக்கி எடுத்தேன். இழைத்தால் ஷெட் முழுக்கச் சாம்பிராணி மாதிரி ஒரு வாசனை. பாதத்துக்கு மட்டும் நம் ஊர்ப் பூவரசு போட்டேன், அடி தாங்கும் என்று.

பலகையை அறுக்க அளவுகோலை வைத்தேன். இருபது அங்குலத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அப்புறம் என் கை என்ன செய்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய கதை சொல்லவேண்டும்.

வளர்கிற பிள்ளை

ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு காக்கி அரைக்கால்சட்டை தைத்தார்கள். படப்பையில் ஒரு தையல்காரர். என் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்துவிட்டு, என்னைக் கேட்கவில்லை, என் அப்பாவைக் கேட்டார்: "எவ்ளோ உள்ள மடிக்கணும்?" அப்பா சொன்னார்: "ஒம்பதாவது வரைக்கும் வரணும்."

அந்தக் கால்சட்டையை அரைஞாண் கயிற்றில் செருகித்தான் ஆறாம் வகுப்பு முடித்தேன். ஏழாவதில் ஒரு மடிப்பைப் பிரித்தார்கள். எட்டாவதில் இன்னொன்று. ஒன்பதாவதில் ஒருநாள் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் உட்காரும்போது பின்பக்கம் கிழிந்தது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலும் பிள்ளைக்கு அளவாக எதையும் வாங்கமாட்டார்கள். சட்டை, செருப்பு, சைக்கிள், எல்லாம் ஒரு அளவு கூட. வளர்கிற பிள்ளை. இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்கமாட்டோம். நீ நன்றாக வளர்வாய் என்கிற நம்பிக்கை அதில் இருக்கிறது என்று நினைப்போம். அளவாக வாங்கினால்தான் ஏதோ பிள்ளையின் வளர்ச்சி மேல் கண் வைத்த மாதிரி.

ஆகவே, என் கை என்ன செய்தது? இருபது அங்குலக் கோட்டுக்கு மேலே இரண்டு விரலை வைத்தது. இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு கோடு போட்டது. அந்தக் கோட்டில் அறுத்தது.

எமி வளர்கிற பெண். அடுத்த வருஷமும் விளையாடட்டும். போதாததற்கு, பலகை பெரிதாக இருந்தால் பந்தைத் தடுப்பதும் சுலபம்தானே? கதவு பெரிதாக இருந்தால் மாடு வெளியே போகாது, அவ்வளவுதான் என் கணக்கு. ஆனால் விமானத்துக்குக் கொண்டுபோகும் பெட்டியில் மட்டை அடங்கவேண்டும், மொத்த நீளம் மாறக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் காம்பில் இரண்டு விரற்கடையைக் குறைத்துவிட்டேன். காம்பு சும்மா பிடிப்பதற்குத்தானே என்று நினைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. நல்லது செய்கிறவன் எதற்குச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்?

பந்து உள்ளே போனது

மட்டையைக் கொடுத்த அன்று ராபர்ட் டேப்பால் மொத்த நீளத்தை அளந்தார். சரியாக இருந்தது. கையில் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எமி மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பைன் மரத்தை முகர்ந்து பார்த்து அப்பாவிடம் ஏதோ சொன்னாள். வீட்டு வாசனை வருகிறது என்றாளாம். நான் அன்றைக்கு சைக்கிளை மிதித்த மாதிரியே இல்லை, தானாக வீடு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் சாயந்திரம் பந்து உள்ளே போனது.

ஒன்று, இரண்டு என்றால் பரவாயில்லை. மெதுவாக உருண்டு வரும் பந்துகூடப் போனது. கட்டை அங்கேதான் இருக்கும், பந்தும் அங்கேதான் வரும், எப்படியோ அடியில் புகுந்து போய்விடும். ராபர்ட் "இன்னும் குனி" என்பார். குனிவாள், போகும். "நிமிர்" என்பார். நிமிர்வாள், கால் நடுவே போகும். புது மட்டை, பழகிவிடும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஒரு வாரம் போனது. நாளுக்கு நாள் மோசமாகத்தான் ஆனது.

எனக்குப் பெரிய குழப்பம். கட்டை முன்னைவிடப் பெரிது. அப்படியானால் முன்னைவிட அதிகமாகத்தானே தடுக்கவேண்டும்? படுத்தால் அதே யோசனை. ஒருவேளை பூவரசு கனமோ? இல்லை, பைனுக்கு இந்த ஊர்க் காற்று ஆகவில்லையோ? இரண்டு விரற்கடை மட்டும் என் சந்தேகத்தில் வரவே இல்லை. அது நான் செய்த நல்லதாயிற்றே.

ஒருநாள் எமி மட்டையைத் தரையில் போட்டுவிட்டு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள். ராபர்ட் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். டேவிட் சார் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் மறந்துபோச்சுன்னு அழுவுதுய்யா அந்தப் பொண்ணு. நான் நல்ல கோல் கீப்பரே இல்ல, செலக்‌ஷனுக்கே போவலன்னுது. மட்டை ஃபர்ஸ்ட் கிளாஸா கீது, தப்பு என் மேலதான்னுது."

மட்டை ஃபர்ஸ்ட் கிளாஸ் என்ற வார்த்தை எனக்கு அன்று இனிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

தேவி வந்தாள்

அந்தச் சனிக்கிழமை ராபர்ட் ஏதோ பெட்டி வருகிறது என்று துறைமுகத்துக்குப் போய்விட்டார். எமிக்குப் பந்து போட ஆள் இல்லை. டேவிட் சார் அவளைக் கெஞ்சிக் கூத்தாடி ஷெட்டுக்கு வரவைத்திருந்தார். "உன் பொண்ணைக் கூட்டிக்கினு வாய்யா, ஒரே வயசு, ரெண்டும் ஆடட்டும்" என்றார். சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன்.

தேவி கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். வெள்ளை ஷூ. பள்ளிக்கூட விளையாட்டு விழா ஓட்டப்பந்தயத்துக்காகப் போன வருஷம் வாங்கியது. முனையில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தாள். நடந்தால் டப்பு டப்பு என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே அவள் எங்கே இருக்கிறாள் என்று என் மனைவி சொல்லிவிடுவாள்.

இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்கள். பிறகு தேவி பந்தை எடுத்து உருட்டினாள். உள்ளே போனது. மறுபடி உருட்டினாள். போனது. பத்து பந்தில் பாதி போயிருக்கும். எமியின் கண் கலங்கியது.

தேவி அடுத்த பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். டப்பு டப்பு என்று நடந்து எமி பக்கத்தில் போய்க் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"அப்பா, இந்தக் கட்டை அதுக்குப் பெருசுப்பா."

"உனக்கு இன்னா தெரியும்? அவங்கப்பா அளவு போட்டுக் குடுத்தது."

"என் ஷூ மாதிரியே கீதுப்பா. நான் ஓடச்சொல்லோ முன்னாடி தூக்கிக்கும் பாரு, அதே மாதிரி மூக்கைத் தூக்கிக்கினு கீது." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "வளர்ற பொண்ணுன்னு பெருசா செஞ்சியாப்பா?"

குற்றம் சொல்கிற குரலே இல்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். உலகத்தில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நான் மண்டி போட்டு உட்கார்ந்தேன். எமி குனிந்து நின்றிருந்தாள். பலகை முடிகிற இடத்தில் கை. கை அவ்வளவு உயரத்துக்கு எட்டாததால் மட்டையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தாள். சாய்ந்ததால் பாதத்தின் முனை தரையை விட்டு மேலே தூக்கியிருந்தது. காதிலிருந்த தட்டைப் பென்சிலை எடுத்து அடியில் நுழைத்தேன். எதிலும் இடிக்காமல் உள்ளே போனது.

ஒரு வாரத்துக்கு மேலாகப் பந்து அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ராபர்ட் என் எதிரில் குனிந்து நின்று காட்டியது இதைத்தான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். நான் வைத்த இரண்டு விரலுக்கு ஒரு குழந்தை தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தது.

மட்டையை வாங்கி மேசையில் கிடத்தி ரம்பத்தை எடுத்தேன். எமி வீல் என்று கத்தினாள். நான் அதை இரண்டாக அறுக்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள். எனக்கு இங்கிலீஷ் வராது. தேவிக்குத் தெரிந்த இங்கிலீஷ், அவள் டீச்சர் வகுப்பில் சொல்வது மட்டும்தான். அதைச் சொன்னாள்.

"ஸிட் டவுன். கீப் கொயட்."

எமி உடனே உட்கார்ந்துவிட்டாள்.

வேலை அரைமணி நேரம்கூட இல்லை. பலகையின் மேல்பக்கம் இரண்டு விரற்கடையை இரண்டு ஓரத்திலும் செதுக்கிக் காம்பாக மாற்றினேன். மொத்த நீளம் மாறவில்லை. காம்பில் எடுத்தது காம்புக்கே திரும்பப் போனது. அரம் போட்டு வழவழப்பாக்கித் துணி டேப் சுற்றிக் கொடுத்தேன்.

எமி குனிந்து நின்றாள். பாதம் தரையில் ஒட்டி உட்கார்ந்தது. பென்சிலை வைத்துத் தள்ளினேன், நுழையவில்லை. தேவி பந்தை உருட்டினாள், நின்றது. ஓங்கி வீசினாள், நின்றது. பத்தாவது பந்தும் நின்றபோது எமி சிரித்துக்கொண்டே ஏதோ கத்தினாள். தேவியும் கத்தினாள். யார் எந்த மொழியில் கத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை

ராபர்ட்டிடம் நானே போய்ச் சொன்னேன். டேவிட் சாரை வைத்துக்கொண்டுதான். "நீங்க இருபதுன்னு போட்டீங்க, நான் ரெண்டு விரக்கடை சேர்த்துட்டேன். தப்பு பொண்ணு மேல இல்ல. எம்மேல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"வளர்ந்தா அப்போ வேற மட்டை வாங்கிக்கலாமேன்னு கேக்கிறாரு" என்றார் டேவிட் சார்.

அவருக்கு என் செய்கை புரியவில்லை, எனக்கு அவர் கேள்வி புரியவில்லை. டேவிட் சாருக்கு இரண்டும் புரிந்தது என்று நினைக்கிறேன், ஆனால் அதை விளக்க அவரிடமும் இங்கிலீஷ் இல்லை.

ராபர்ட் அன்று சாயந்திரம் எமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் என்னைப் பார்த்து, மட்டையைத் தூக்கிக் காட்டினாள். மீதி வாரங்களில் ஒரு நாள் விடாமல் பயிற்சி நடந்தது. தேர்வுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். சேர்த்துக்கொண்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மட்டையைக் கொண்டுபோனாள் என்பது மட்டும் தெரியும். பெட்டிக்கு ஆணி அடித்தவன் நான்.

படப்பையில்

அடுத்த மாதம் தேவிக்கு மறுபடி ஓட்டப்பந்தயம். "பழசே போதும்பா, இன்னும் பெருசாத்தான் கீது" என்றாள். பிடிவாதமாகப் படப்பைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் அவள் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்காமலே ஒரு நம்பர் பெரிதாக எடுத்து வைத்தார்.

"வளர்ற பொண்ணு. அடுத்த வருசத்துக்கும் வரும்."

"இந்தக் காலுக்குக் குடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு ஜோடி எடுத்தார். தேவி போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்தாள். டப்பு டப்பு இல்லை. சத்தமே வரவில்லை. நாலு எட்டு வைத்துவிட்டு நின்றாள். குனிந்து காலைப் பார்த்தாள். முகமெல்லாம் குழப்பம். என் பக்கத்தில் வந்து, கடைக்காரர் காதில் விழாத மாதிரி கேட்டாள்.

"அப்பா, இது காலைப் புடிச்சிக்கினு கீதுப்பா. மாத்திக் கேக்கலாமா?"

"இல்லம்மா. அது அளவா கீது."

"அளவுன்னா இப்டித்தான் இருக்குமா?"

பதினோரு வயதுப் பெண். நான் கீழே உட்கார்ந்து லேஸைக் கட்டிவிட்டேன்.